சின்னது நாற்பத்தொன்று

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எங்கள் அதிகாரி என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் ‘சிப்பி’, வலது பக்கம் ‘தவளை’. கீழே எல்லாம் வெள்ளை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் ஒப்பிட்டு நிரப்பித் தரவேண்டும், சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும், ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. அவர் எந்த விஷயத்தையும் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஒருபக்கம் என்றே பெயர். அவருக்கும் அது தெரியும். தெரிந்த பிறகு கையெழுத்தையும் சின்னதாக்கிக்கொண்டார்.

சம்பந்தப்பட்ட இரண்டு பேர் யார் என்றால், ஒருத்தி நான், இன்னொருத்தி என் நாத்தனார். எங்களுடையது நீர்வளத்துறையின் கிளை அலுவலகம். ஆற்றிலிருந்து மதகு வழியாகப் பிரியும் கிளைக்கால்வாயில் கறுப்புச் சிப்பி என்று ஒரு வகை இருக்கிறது. அதை எண்ணுவது பன்னிரண்டு வருஷமாக என் வேலை. அதே மதகிலிருந்து இன்னொரு பக்கம் தண்ணீர் போகும் பழைய குளத்தில் மஞ்சள் தொண்டைத் தவளை இருக்கிறது. அதை எண்ணுவது ஆறு வருஷமாக என் வீட்டுக்காரரின் தங்கையின் வேலை. வேலை காலி இருக்கிறது என்று விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்ததே நான்தான். வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது போதாது என்று, அலுவலகத்திலும் எதிரெதிர் மேஜை.

அவள் என்னை சின்னண்ணி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு நாற்பத்தொன்பது வயது, தலை பாதி நரைத்துவிட்டது. இரண்டாவது அண்ணனுக்கு வாக்கப்பட்டதால் சின்னண்ணி. மூத்தவரின் மனைவி என்னைவிட மூன்று வயது இளையவள், அவள் பெரியண்ணி. ஆளும் நான் குள்ளம். நாத்தனார் பக்கத்தில் நின்றால் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். அதனால் அந்தப் பெயர் எனக்குப் பொருந்திப் போய்விட்டது, நானும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அந்தத் தாள் எதற்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இந்த வருஷம் அணையில் தண்ணீர் மட்டம் படுத்துவிட்டது. வறண்ட மூன்று மாதத்துக்கு மதகில் ஒரு பக்கக் கதவைத்தான் திறக்க முடியும். கால்வாய்ப் பக்கம் திறந்தால் குளம் காயும். குளத்துப் பக்கம் திறந்தால் கால்வாய் காயும். தண்ணீர் இல்லாவிட்டால் என் சிப்பிகள் பதினைந்து நாளில் வெந்துபோகும். அதுகளுக்கு ஓடத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்தால் அதிகம்.

எண்ணும் விதத்தைச் சொல்ல வேண்டும். கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்து, இரும்புச் சட்டத்தைத் தண்ணீருக்குள் இறக்குவேன். சட்டத்துக்குள் இருப்பதைக் கையால் தடவி எண்ணுவேன். தண்ணீர் எப்போதும் கொஞ்சம் கலங்கல், கண்ணை நம்ப முடியாது. சிப்பி முக்கால்வாசி மணலுக்குள் புதைந்து, வாயை மட்டும் மேலே நீட்டி லேசாகத் திறந்து வைத்திருக்கும். விரல் பட்டால் மூடிக்கொள்ளும். மூடினால் உயிர், மூடாவிட்டால் வெறும் ஓடு. வெளியே தெரியும் அகலம் என் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குள் அடங்கினால் அதைச் ‘சின்னது’ என்று தனியாகக் குறிப்பேன். ஒன்றைக்கூட மண்ணிலிருந்து பிடுங்க மாட்டேன். தூக்கினால் பாதி பிழைக்காது என்று வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தவள் நான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சிப்பியைக்கூடத் தூக்கியதில்லை. அது என் பெருமை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

அவளுக்கு அந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. சாயங்காலம் குளக்கரையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு குரல் கேட்டால் நோட்டில் ஒரு கோடு. கண்ணைத் திறக்காமலேயே போடுவாள். ஒவ்வொரு குரலுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்: தொண்டை கட்டினவன், அவசரக்காரன், மேற்கு மூலை, தாமதம். குரல் தெரிவதால் ஒருவனையே இரண்டு தடவை எண்ண மாட்டாள். கத்துவதெல்லாம் ஆண்தான். பெண் தவளை வாயைத் திறக்காது, அதனால் கணக்கிலும் வராது. நம் வீட்டிலும் அதே கணக்குதான் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். அவள் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாளை நிரப்ப ஆரம்பித்தோம். ஆயுள் என்ற வரியில் சிப்பிக்கு அறுபது வருஷத்துக்கு மேல், தவளைக்கு நாலு. இதிலேயே நான் அவுட் என்றாள். நடமாட்டம் என்ற வரியில் தவளை ஒரே தாவலில் ஐந்து அடி, சிப்பி ஒரு சாண், அதுவும் ஒரு வருஷத்தில். அதில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் என்ற வரியில் சிப்பிக்கு ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டேன். பயன் என்ற வரியில் நான் விடவில்லை. ஒரு சிப்பி ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீரை இழுத்து வடிகட்டி வெளியே விடும், உன் ஆள் கொசு தின்பதைத் தவிர என்ன செய்கிறான் என்று கேட்டேன். கொசு கடித்தால்தான் தெரியும் என்றாள். பிள்ளை வளர்ப்பு என்று ஒரு வரி போட்டோம். சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி இருக்கும். மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் சவாரி செய்துவிட்டு, அப்புறம்தான் கீழே விழுந்து மண்ணில் வேர் பிடிக்கும். தவளைக் குஞ்சு தலைப்பிரட்டையாக அதே குளத்தில் நீந்தித் திரியும். எண்ணிக்கை என்ற வரியில் அறுநூற்றுப் பன்னிரண்டு, ஒன்பது. அந்த ஒன்பதை அவளே எழுதினாள். எழுதிவிட்டு அதன் மேலேயே பேனாவை இன்னொரு தடவை ஓட்டினாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். ஒன்பது எங்கே, அறுநூற்றுப் பன்னிரண்டு எங்கே.

அடுத்த வரி ‘சின்னது’. என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன், எழுதவில்லை. அவள் தலைப்பிரட்டையை ஏராளம் என்று போடப் போனாள். ஒருபக்கத்துக்கு ஏராளம் எல்லாம் பிடிக்காது என்று நான் சொன்னதும் ஆயிரத்துக்கு மேல் என்று மாற்றினாள். பிறகு பேனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“எங்க ஆளுக்கு வால் இருந்தா சின்னது, வால் போயிட்டா பெரிசு. உங்க ஆளுக்கு எது அடையாளம் சின்னண்ணி?”

“அளவுதான். அளவு சின்னதா இருந்தா சின்னது.”

“அப்ப நீங்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டிபன் பாக்ஸைக் கழுவக் குழாயடிக்குப் போய், திறந்த குழாயை மூட மறந்து நின்றேன்.

பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் புத்தகத்தில் ‘சின்னது’ என்று ஒரு வரி. நாற்பத்து மூன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று. அதைப் பார்க்கிற யாரும், நான் உட்பட, குஞ்சு வருகிறது, குடும்பம் தழைக்கிறது என்றுதான் படித்தோம். சின்னது என்றால் இளசுதானே என்று. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவை சின்னண்ணி என்று கூப்பிடப்படுகிற எனக்கே அது உறைக்கவில்லை. குஞ்சு என்றால் வளர்ந்திருக்க வேண்டாமா? வருஷா வருஷம் அதே நாற்பத்துச் சொச்சம் எப்படிச் சின்னதாகவே இருக்கும்?

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் அவள்மேல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகாமல் நேராகக் கால்வாய்க்குப் போனேன். பலகையில் உட்கார்ந்து, விரலால் தடவி, சின்னதாக ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தேன். பிறகு தூக்கினேன். சிப்பி ஓட்டில் வருஷத்துக்கு ஒரு வரி விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வரும்போது, செத்துப்போன பெரிய ஓடுகளை வைத்து அதை எண்ணிக் காட்டுவேன். உயிரோடு இருக்கிற சின்ன ஒன்றை எண்ணிப் பார்த்ததில்லை. பாசியைக் கைக்குட்டையால் துடைத்து, ஊக்கின் முனையை வரி வரியாக நகர்த்தினேன். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு இருந்தது. ஓரத்துக்கு வர வர நெருக்கம். முப்பத்து மூன்று. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்து நாலு.

ஏழு தூக்கினேன். ஏழிலும் முப்பத்திரண்டுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை. தீனி போதாமல், இடுக்கில் கிடந்து, வளராமல் போன கிழடுகள். வாய் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகவே ஒவ்வொன்றையும் திருப்பி நட்டேன். எழுந்தபோது எதிரே மதகு தெரிந்தது. அதன் நெற்றிக் கல்லில் கட்டிய வருஷம் பொறித்திருக்கிறது. தினமும் பார்க்கிற கல்தான். அன்றைக்குத்தான் கழித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு. கம்பி வலையோடு கதவு போட்ட பிறகு ஆற்று மீன் கால்வாய்க்குள் வர வழி இல்லை. மீன் இல்லாவிட்டால் சவாரி இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக அந்தத் தாய்ச் சிப்பிகள் குஞ்சைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒன்றுகூடக் கரையேறவில்லை. பலகையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

ஆனாலும் மனசு விடவில்லை. குஞ்சுச் சிப்பி மண்ணுக்குள்ளேயே நாலைந்து வருஷம் ஒளிந்திருக்கும், தடவினால் அகப்படாது. வியாழக்கிழமை காலை சமையலறையிலிருந்து மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே சல்லடை போகிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். கால்வாய்க்கு என்றேன். ஒரு நிமிஷம் யோசித்து, சரி, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று செய்தித்தாளைத் திருப்பினார். மதியம்வரை சலித்தேன். இடம் மாற்றி மாற்றிப் பன்னிரண்டு சட்டம். நத்தை வந்தது, பல் துலக்கும் பிரஷ் ஒன்று வந்தது, கண்ணாடிக் கோலி ஒன்று வந்தது. சிப்பிக் குஞ்சு ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தபோது நாத்தனார் குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் முழங்கால் வரை இருந்த சேற்றைப் பார்த்தாள், கையில் இருந்த சல்லடையைப் பார்த்தாள். தாளை என் மேஜையில் வைத்து, ‘சின்னது’ வரியில் என் பக்கம் மட்டும்தான் பாக்கி, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். கீழே கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியுமா, தெரிந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

தனியாக உட்கார்ந்திருந்தேன். ‘சின்னது: 41’ என்று எழுதினால் அது பொய் இல்லை. யார் வந்து அளந்தாலும் சின்னதுதான். தண்ணீர் என் பக்கம் வந்துவிடும். என் சிப்பிகள் இன்னும் இருபது, முப்பது வருஷம் வாயை நீட்டிக்கொண்டு இருக்கும், நான் ஓய்வு பெற்ற பிறகும் இருக்கும். குளம் காய்ந்தால் தலைப்பிரட்டை எல்லாம் போகும். வளர்ந்தது நாலு வருஷத்தில் சாகும். அதற்குள் இன்னொரு வறட்சி வந்தால் நாத்தனார் அந்த நாற்காலியை மடக்கிவிட வேண்டியதுதான். வீட்டில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள், சின்னண்ணி, உப்பை நகர்த்துங்கள் என்பாள். அந்தப் பேரை நான் எப்படிக் காதில் வாங்குவேன்?

பேச்சில் ஒரே சொல்லாகக் கிடந்ததை எழுத்தில் இரண்டாகப் பிரித்தேன். அளவில் சிறியவை 41. அதற்குக் கீழே, வயதில் இளையவை: இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒருபக்கத்தின் அறையில் இரண்டு பேரும் நின்றோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே இறக்கினார். எண்ணிக்கை வரியில் விரல் நின்றது. இடது பக்கம் ஒரு தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு.

“அறுநூத்திப் பன்னெண்டு, ஒம்போது. இதுல யோசிக்க என்ன இருக்கு? சிப்பிக்கே திறந்துடலாம்.”

பேனாவை எடுத்துவிட்டார். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதவேண்டியதை நான் எழுதிவிட்டேன், படிக்காதது அவர் பிழை என்று எனக்கு ஒரு நொடி நிம்மதியாகவே இருந்தது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

“அடுத்த வரியும் படிங்க சார்.”

படித்தார். “அதான் நாப்பத்தொண்ணு சின்னது இருக்கே.”

“அது குஞ்சு இல்ல சார், குள்ளம். அறுநூத்திப் பன்னெண்டும் கிழடு. முப்பது வருஷமா அங்க ஒண்ணு பொறக்கல. நான்தான் பன்னெண்டு வருஷமாத் தப்பாப் படிச்சிட்டேன். தண்ணி குளத்துக்குப் போகட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க சிப்பியம்மாதானே?”

“ஆமா சார்.”

அவர் தவளை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் மதகு மாறும் என்றார். அதற்குள் சிப்பிகளைத் தூக்கி மதகுக்கு மேலே ஆற்று மடுவில் போட அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அங்கே ஆழம் உண்டு, மீனும் உண்டு. தூக்கினால் பாதி சாகும் என்று எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே, அந்த அறிக்கை என்னிடம் இருக்கிறது என்றார். இங்கே விட்டால் முழுசும் சாகும் என்றேன். சரி, செய்யுங்கள், ஆள் மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

வெளியே வந்து இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தோம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எரிந்து விழுந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் கால்வாய்க்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து கரையில் நின்றிருந்தாள். கையில் இரண்டு வாளி. வீட்டில் எப்போது எடுத்தாள், எப்போது கிளம்பினாள் என்று எனக்குத் தெரியாது. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடக்கிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குக் கையால் பார்க்கத் தெரியாது. முதல் அரை மணி நேரம் கல்லையும் வெற்று ஓடுகளையும் எடுத்து எடுத்துக் காட்டினாள். விரலைப் பரப்பி வை, அழுத்தாதே, மூடுகிறதா பார் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் சிப்பி அவள் விரலுக்கடியில் மூடிக்கொண்டபோது, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு கை பழகிவிட்டது. மடுவுக்கு நானூறு அடி. வாளியில் பாதித் தண்ணீர், அதற்குள் இருபது சிப்பி, அதற்கு மேல் போட்டால் நெருக்கும். மடுவின் ஓரத்தில், இடுப்பளவு தண்ணீரில் மூச்சைப் பிடித்துக் குனிந்து, ஒவ்வொன்றாக வாயை மேலே வைத்து நடவேண்டும். குட்டையாக இருப்பதால் எனக்குத் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் நானூற்றுக்கு மேல் போயிருந்தது. இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. கரையில் நிழல் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். நடுவில் கடைசியாக எடுத்த வாளி. மூடியபடி கிடந்த சிப்பிகள், நாங்கள் அசையாமல் இருக்க இருக்க, ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. வெள்ளையாக நாக்கு மாதிரி ஒன்றை வெளியே விட்டு, வாளியின் அடியைத் தடவி மண்ணைத் தேடின. இதில் எத்தனை பிழைக்கும் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். அடுத்த வருஷமே மீன் செவுளில் பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம், இருந்தால் பார்க்கலாம் என்றேன்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அவள் உதட்டில் விரலை வைத்தாள். தலையைச் சாய்த்து, காதை வாளி விளிம்புக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டாள். ஈரத் தலைமுடி தண்ணீரில் பட்டது. அது பட்டோ என்னவோ, உள்ளே ஒரு சிப்பி மூடிக்கொண்டது. டக் என்று, கதவின் கொக்கி விழுகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கே கேட்டது. பன்னிரண்டு வருஷம் தண்ணீருக்குள் கையை விட்டே இருந்ததால் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலேயே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மடியில் கிடந்த நோட்டைத் தடவிப் பிரித்து, ஒரு கோடு போட்டாள்.